வலது கண்ணில் போட்ட துண்டு

பிரதோஷத்துக்குப் பிரதோஷம் எங்கள் வீட்டில் எனக்கு இரண்டு வேலை உண்டு. காலையில் ஊமத்தம்பூ பறித்துத் தர வேண்டும். மதியம் மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் போய் என் மனைவிக்குச் சீட்டுப் பிடிக்க வேண்டும். திருக்கழுக்குன்றம் ஒன்றும் தூரமில்லை. மற்ற நாளில் நின்றுகொண்டே போய்விடலாம். பிரதோஷத்தன்று மட்டும் கூட்டம் வேறு ரகம். அதனால் செங்கல்பட்டு வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாக என் துண்டை எறிந்துவிடுவேன். துண்டு விழுந்த சீட்டில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் எழுதிவைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிறது. இருப்பது துணிதான், ஆள் இல்லை. ஆனாலும் சீட்டு நிரம்பிவிட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதோஷத்தன்று மாலை ஒரு கண் டாக்டருக்கே நான் இதைப் பாடம் எடுக்க வேண்டி வந்தது.

எனக்குத் தொழில் புகைப்படம். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் தெருவில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ் எடுப்பேன், பிறந்தநாள் பேனர் அடிப்பேன், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வடிவமைப்பேன். ஊரில் பிறப்பதும் இறப்பதும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான். ஐம்பதைத் தாண்டியாயிற்று. இந்த வயதிலும் பொய் சொல்லி ஆளை அலறவிடுவதில் எனக்கு ஒரு சின்னப்பிள்ளைச் சந்தோஷம் இருக்கிறது. ஒருமுறை மனைவிக்குப் போன் செய்து, நம்ம ஊர் வெண்ணெய் உருண்டைப் பாறை உருண்டுவிட்டது, என் ஸ்கூட்டர் அடியில் மாட்டிக்கொண்டது என்றேன். அவள் அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள். பாறை அதன் இடத்தில் இருந்தது, ஸ்கூட்டரும் அதன் இடத்தில் இருந்தது. சாம்பார்தான் அதன் இடத்தில் இல்லை, பாத்திரத்தோடு கருகிப்போயிருந்தது. அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. அவள்தான் ஓடி வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அன்று காலை பூஞ்சேரிப் பக்கம் காலி மனையில் ஏழு ஊமத்தம்பூ பறித்தேன். வெயில் ஏழு மணிக்கே சுட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்தவன் பூவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஊமத்தம்பூவின் வடிவம் அப்படி, நீளமாக, வாய் விரிந்து, ஒலிபெருக்கி மாதிரியே இருக்கும். ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பயணிகள் கவனத்துக்கு, திருக்கழுக்குன்றம் செல்லும் அம்மையார் சமையல் முடித்துவிட்டுப் புறப்படவும் என்று வாசலில் நின்று அறிவிப்புச் செய்தேன். அவள் உள்ளிருந்து ஏதோ சொன்னாள். என் அறிவிப்பே எனக்குப் பிடித்துப் போயிருந்ததால் அது காதில் விழவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து வலது கண்ணில் இறங்கியது. கையால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மதியம் துண்டு எறியப் போனபோதே வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தது. பேருந்தின் கண்ணாடி எல்லாம் வலது பக்கத்தில் மட்டும் கொதித்தன. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மனைவியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் ஒரு பெரியவர் பென்ஷன் வேலைக்குப் போட்டோ எடுக்கக் காத்திருந்தார். காமிராவில் கண்ணை வைத்தேன். எந்தப் பக்கம் திருகினாலும் பெரியவர் தெளியவில்லை. லென்ஸைத் துடைத்தேன். பெரியவரையும் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் இடது கண்ணை வைத்துப் பார்த்தால் பெரியவர் மூக்கு மயிர் வரைக்கும் பளிச்சென்று இருக்கிறார்.

அவரை அனுப்பிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். என் வலது கண்ணில் கருவிழியின் பழுப்பையே காணோம். நடுவில் இருக்கும் பாப்பா விரிந்து விரிந்து, ஓரத்தில் மெல்லிசாக ஒரு வளையம்தான் மிச்சம். இடது கண் வழக்கம்போல் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பாப்பா சுருங்கியது. வலது, எனக்கென்ன என்று இருந்தது. போட்டோக்காரன் கண்ணில் இது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு லென்ஸ் முழுசாகத் திறந்தே கிடக்கிறது, மூடச் சொன்னால் கேட்கவில்லை.

போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதானால் மூளையில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம், கசியலாம், நரம்பை அழுத்தலாம் என்று வந்தது. இன்னும் பல காரணங்கள் கீழே இருந்தன. நான் கீழே போகவில்லை. முதல் காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மனைவிக்குப் போன் போட்டேன். கோயில் சத்தத்துக்கு நடுவில் எடுத்தாள். குரலை மிகவும் கஷ்டப்பட்டு நிதானமாக வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கண்ணு பெருசாயிடுச்சு என்றேன்.

"இன்னொண்ணையும் பெருசாக்கிக்கங்க. பாக்க லட்சணமா இருக்கும்" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த முகமும் இல்லை.

இதற்கு அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் பக்கத்துக் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எனக்கான கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் திறந்தேன். நான் போய்விட்டால் இதை அடுத்த தெரு ஸ்டூடியோவில்தான் கொடுப்பார்கள். அவன் எல்லோர் முகத்தையும் ரோஸ் பவுடர் அடித்த மாதிரி ஆக்கிவிடுவான். என் முகத்தை அவனிடம் விட எனக்கு மனமில்லை. போன வருஷம் எடுத்த நல்ல படம் ஒன்றைப் போட்டு, சுற்றி மாலை வைத்து, இரண்டு பக்கமும் விளக்கு ஏற்றி, மேலே கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்தில் அடித்தேன். தோற்றம் பக்கத்தில் வருஷத்தைப் போட்டேன். மறைவு பக்கத்தில் கை நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடை பாய் சில்லறை கேட்டு உள்ளே வந்தார். சுற்றுலா வருகிறவர்களுக்குத் தொப்பியும் கூலிங் கிளாஸும் விற்கிறவர். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, உயிரோட கீறப்பவே போஸ்டர் அடிச்சுக்கினியா?"

நான் கண்ணைக் காட்டினேன். அவர் கண்ணாடி வியாபாரி, ஒரு நாளைக்கு நூறு முகம் பார்க்கிறவர். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இது உன் வழக்கமான வேலை இல்லையே என்று ஒருதடவை கேட்டுக்கொண்டார். இல்லை என்றேன். போஸ்டரை போனுக்கு அனுப்பிக்கொள், வண்டியில் ஏறு என்றார். போஸ்டர் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருக்கும் அது ஏன் என்று தெரியாது என்று பிறகு சொன்னார். பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னாராம்.

அவர் கடையிலிருந்து ஒரு கூலிங் கிளாஸை எடுத்து என் மூக்கில் மாட்டி, தன் வண்டியில் செங்கல்பட்டுக்கு ஓட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மலைமேல் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டேன். ஓரமாக வண்டியை நிறுத்தி, டீ குடிக்கிற மாதிரி கொஞ்சம் தள்ளிப் போய் அவர் யாருக்கோ போன் பேசினார். யாருக்கு என்று கேட்டதற்கு வீட்டுக்கு என்றார். யார் வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.

செங்கல்பட்டில் கண் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. நிதானமென்றால் அப்படி ஒரு நிதானம். விரலைக் காட்டி நாலு பக்கமும் பார்க்கச் சொன்னார், இமையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்றார், இல்லை. தலைவலி இருக்கிறதா என்றார். உடனே எனக்குத் தலை வலித்தது.

"நான் கேக்கறதுக்கு முன்னாடி இருந்துதா, கேட்டதுக்கு அப்புறம் வந்துதா?"

அப்புறம்தான் என்று ஒத்துக்கொண்டேன். கண்ணில் ஏதாவது மருந்து விட்டீர்களா என்றார். எதுவும் விடவில்லை. பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா, பிறவியிலேயே ஒன்று பெரிதா என்று பார்க்க வேண்டும் என்றார். என் போனில் மேலாக இருந்தது ஒரே படம். வேறு வழியில்லாமல் நீட்டினேன். மாலையும் விளக்கும் வைத்த என் முகத்தை டாக்டர் இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்களை மட்டும் உற்றுப் பார்த்தார். இதில் இரண்டும் ஒரே அளவுதான் என்று குறித்துக்கொண்டார். தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன படிப்பு படித்தால் இப்படி ஒரு முகம் வரும் என்று தெரியவில்லை.

பிறகு இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விட்டு, இது பாப்பாவைச் சுருக்குகிற மருந்து, அரைமணி கழித்துக் கூப்பிடுகிறேன் என்று வெளியே உட்காரவைத்தார்.

அந்த அரைமணியைத்தான் என் வாழ்க்கையில் மிக நீளமானதாகச் சொல்வேன். பாய் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போன் காமிராவில் என் கண்ணைப் பிடித்துப் பார்த்தார். இடது பாப்பா மருந்துக்கு மரியாதை கொடுத்துக் கடுகளவாகச் சுருங்கிவிட்டது. வலது அசையவில்லை. முன்பு ஒன்று பெரிது, ஒன்று சாதாரணம். இப்போது ஒன்று பெரிது, ஒன்று புள்ளி. மருந்து போட்ட பிறகு வித்தியாசம் இரண்டு மடங்காகிவிட்டது. மருந்துக்கே கட்டுப்படவில்லை என்றால் உள்ளே என்னவோ பெரிதாக நடந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். வாய் உலர்ந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. ஸ்டூடியோ சாவி எங்கே இருக்கிறது, பேனர் மெஷினில் எந்தப் பட்டனைத் தொடக் கூடாது என்றெல்லாம் பாயிடம் சொல்லத் தொடங்கினேன்.

"மெஷின்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நீ கம்முனு குந்து அண்ணாத்த" என்றார்.

அப்போது என் மனைவி உள்ளே வந்தாள். கையில் கோயிலுக்குக் கொண்டுபோன கூடை, தோளில் என் சீட்டுத் துண்டு. பாய் வழியில் பேசியது அவளிடம்தான் என்று அப்போது புரிந்தது. பிரதோஷ பூஜை தொடங்கும் நேரம், பூவை அர்ச்சகர் கையில் கொடுத்துவிட்டு, நந்திக்கு அபிஷேகம் பார்க்காமல் வந்திருக்கிறாள். நான் இரண்டு தரம் போன் செய்து நகராதவள் பாய் ஒரு தரம் சொன்னதும் பஸ் ஏறிவிட்டாள். என் கூலிங் கிளாஸைக் கழற்றினாள். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். நக்கலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

டாக்டர் கூப்பிட்டார். மூன்று பேரும் போனோம். டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண் கொஞ்சங்கூடச் சுருங்கவில்லை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி.

"ஒண்ணுமே ஆகலைல்ல? ரொம்ப நல்லது" என்றார் டாக்டர். முதல்முறையாகச் சிரித்தார்.

மருந்து வேலை செய்யாததற்குச் சிரிக்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை. அவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் படம் வரைந்தார். மூளையிலிருந்து வருகிற நரம்பு பாப்பாவைச் சுருக்கும் தசையைத் தொடுவதே இல்லையாம். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. நரம்பின் நுனி அந்த இடைவெளியில் அசிட்டைல்கோலின் என்று ஒரு ரசாயனத்தைத் துளித் துளியாக விடுகிறது. தசையின் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் அதைப் பிடிப்பதற்கென்றே வடிவமான இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பி என்று பெயர். ரசாயனம் ஏற்பியில் பொருந்தி உட்கார்ந்தால் செல்லுக்குள் சேதி போகிறது, ஒன்று இன்னொன்றை எழுப்பி, கடைசியில் தசை சுருங்குகிறது. செல்லுக்குள் அந்த ரசாயனம் நுழைவதுகூட இல்லை. வாசலில் உட்கார்ந்தாலே போதும், உள்ளே வேலை நடந்துவிடும்.

அவர் விட்ட மருந்து நம் உடம்பின் ரசாயனத்தைப் போலவே ஏற்பியில் உட்கார்ந்து அதே சேதியைச் சொல்லக்கூடியது. மூளையிலோ நரம்பிலோ கோளாறு என்றால் சேதி கொண்டுவருகிற ஆள்தான் வரவில்லை, இடம் காலி. மருந்து போய் உட்கார்ந்திருக்கும், பாப்பா சுருங்கியிருக்கும். அப்படிச் சுருங்கியிருந்தால் இந்நேரம் உங்களைச் சென்னைக்கு அனுப்பியிருப்பேன் என்றார். சுருங்கவில்லை என்றால் இடம் காலியாக இல்லை. வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறதே தவிர ஒரு சேதியும் சொல்லவில்லை.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. மனைவியின் தோளைக் காட்டினேன்.

"துண்டு போட்டு வெச்சிருக்கான் மேடம். ஆளு இல்ல, துண்டுதான். அதனால வர்ற ஆளெல்லாம் நின்னுக்கினே கீறான்."

டாக்டர் ஒரு நிமிஷம் துண்டைப் பார்த்தார். அதேதான் என்றார். இனி மற்ற நோயாளிகளுக்கும் இப்படியே சொல்லப் போவதாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"இன்னைக்கு எந்தச் செடியத் தொட்டீங்க?"

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஊமத்தம்பூ மேடம். கைய கழுவிட்டுக் கடைக்குப் போங்கன்னு காலைலயே சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"தலையாட்டினாரு."

வாசலில் நின்று நான் அறிவிப்புச் செய்த நேரத்தில் உள்ளிருந்து வந்த குரல் அதுதான். சேதி வந்திருக்கிறது, என் காது வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே என் துண்டு கிடந்திருக்கிறது.

ஊமத்தையின் சாற்றில் உள்ள சரக்கு நம் ஏற்பிகளில் அச்சாகப் பொருந்தும், ஆனால் வாயைத் திறக்காது என்று டாக்டர் சொன்னார். கண்ணில் பட்டதோடு போனது நல்லகாலம். வயிற்றுக்குள் போயிருந்தால் வேறு கதை. அதே அசிட்டைல்கோலின்தான் இதயத்துக்குப் போய் மெதுவாக அடி என்கிறது, வாய்க்குப் போய் எச்சில் ஊறு என்கிறது, குடலுக்குப் போய் நகரு என்கிறது. ஒரே கடிதத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி படிக்கிறார்கள். எல்லா வீட்டு வாசலையும் ஊமத்தை அடைத்துவிட்டால் வாய் உலரும், நெஞ்சு ஓடும், புத்தி பிசகும், ஆளே போய்விடலாம்.

எனக்கும் வாய் உலர்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றேன்.

"அது ஊமத்தை இல்ல சார். அது நீங்க" என்றார் டாக்டர்.

பயந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி வேறொரு ரசாயனத்தை ரத்தத்தில் கொட்டுமாம், அதற்கும் உடம்பெங்கும் ஏற்பிகள் உண்டாம். மதியத்திலிருந்து அந்தச் சுரப்பிக்கு ஓவர்டைம்தான். போஸ்டர் அடித்தது, மெஷின் பட்டன்களைப் பற்றி மரண வாக்குமூலம் கொடுத்தது எல்லாம் அதன் கைங்கர்யம். நான் பொறுப்பில்லை.

மருந்து எதுவும் தரவில்லை. துண்டு போட்டவன் தானாக எடுத்துக்கொண்டு இறங்குவான், மூன்று நாலு நாளாகும், அதுவரைக்கும் கண்ணாடி போடுங்கள், வண்டி ஓட்டாதீர்கள், தலைவலி வாந்தி என்று ஏதாவது வந்தால் நேராக இங்கே வாருங்கள் என்றார். தலைவலி என்றால் நிஜத் தலைவலி என்று அழுத்திச் சொன்னார்.

வெளியே வந்து பஸ் நிலையம் சேர்ந்ததும் மனைவி என் போனைக் கேட்டாள். எதற்கு என்று தெரியும். அதில் என்ன போஸ்டர் இருக்கிறது என்று பாய் அவளிடம் சொல்லாமலா இருந்திருப்பார். மாலை, விளக்கு, கொட்டை எழுத்து எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"மாலை சின்னதா இருக்கு. நான் செத்தா இப்படித்தான் போடுவீங்களா?" என்றாள். பிறகு அந்தப் பஸ் நிலையத்திலேயே, கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை. மதியத்திலிருந்து கடை வியாபாரம் போச்சு, பேஜாரா பூடுச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று பேருக்கும் டீ வாங்கிவிட்டுத் தன் வண்டியில் கிளம்பினார். திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பும் பேருந்தில் மனைவிக்கு நான் துண்டு எறியவில்லை. அவள்தான் எறிந்தாள், எனக்கு.

அதன்பிறகு தினமும் காலையில் என் முகத்தை ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்தேன். முதல் நாள் முழு அமாவாசை மாதிரி இருட்டு. இரண்டாம் நாள் ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. மூன்றாம் நாள் அசலூர்க்காரன் ஒருவன் என் வலது கண் பெரிதாக அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான், அதைப் பாயிடம் நாலு தரம் சொன்னேன். நாலாம் நாள் இரண்டும் ஒரே அளவு. அந்தப் படங்களை ஒரே தாளில் வரிசையாக அடித்து ஸ்டூடியோ சுவரில் ஒட்டியிருக்கிறேன். துண்டு எப்படி மெல்ல மெல்ல எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல படம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. போஸ்டரை அழிக்கவில்லை. மாலையைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன், அவள் சொன்னபடி.

பாறை உருண்டுவிட்டது என்று நான் சொன்னதும், இன்னும் அது மாதிரி நூறு சொன்னதும் சேர்ந்து அவள் காதில் எத்தனை இடத்தை அடைத்து வைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவை நாலு நாளில் போகிற துண்டுகள் இல்லை. ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

அடுத்த பிரதோஷம் வந்தது. ஏழு பூ பறித்தேன். அறிவிப்பு எதுவும் செய்யாமல் வாசலிலேயே வைத்தேன். அவள் வெளியில் போயிருந்தாள். கை கழுவிவிட்டுக் கடைக்குப் போய் அங்கிருந்து போன் செய்தேன்.

"கைய கழுவிட்டேன்" என்றேன்.

"சோப்பு?"

"சோப்பு போட்டு."

"போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள்.

வெள்ளைத் திரை போட்டு, விளக்குகளைச் சரி செய்து, என் இரண்டு கைகளையும் எடுத்தேன். பாஸ்போர்ட் சைஸ், எட்டு பிரதி.